ரோகிணி வானத்தில் எது? அதன் 44 மடங்கை அளந்தது யார்?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்ட கேள்வி இது. அவருடைய பெண்ணுக்கு ரோகிணி நட்சத்திரம். பள்ளிக்கூடத்தில் வானியல் பாடம் வந்ததிலிருந்து "என் நட்சத்திரத்தைக் காட்டுங்கள்" என்று நச்சரிக்கிறாளாம். இணையத்தில் தேடினால் ஆல்டெபரான் என்று வருகிறது, சூரியனைப் போல 44 மடங்கு பெரியது என்றும் போட்டிருக்கிறது. ஜோசியரைக் கேட்டால், ரோகிணி ஒற்றை நட்சத்திரமே இல்லை, தேர் மாதிரி ஒரு கூட்டம் என்கிறார். இதில் எது சரி, அந்த 44-ஐ யார் போய் அளந்தார்கள், நம் ரோகிணிக்கு அரபுப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார்.

ஜோசியர் சொன்னதும் சரி, நீங்கள் தேடிப் பார்த்ததும் சரி. ரோகிணி என்ற ஒரே பெயரை மூன்று வெவ்வேறு விஷயங்களுக்கு வைத்திருக்கிறோம். அதை அப்புறம் பிரிக்கலாம். முதலில் பெண்ணுக்குக் காட்டிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்தில் ரோகிணியைத் தேடுவது வெட்டி வேலை. அப்போதுதான் அது அந்தி சாயும் நேரத்தில் கிழக்கே எழுகிறது என்பது உண்மை. ஆனால் வடகிழக்குப் பருவமழை மேகம் விட்டால்தானே? மார்கழிக் கடைசியிலிருந்து மாசி முடிய உள்ள நாட்கள் தோது. பொங்கல் இரவு ஒன்பது மணி சுமாருக்கு அது கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். ரோகிணி வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) வடக்கே 16½ பாகையில் இருக்கிறது, கும்பகோணம் 11 பாகையில் இருக்கிறது. ஆக உச்சியிலிருந்து ஐந்தரை பாகை வடக்கே தள்ளி அது கடக்கும். கழுத்து வலிக்கும், மொட்டை மாடியில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு பார்ப்பது உத்தமம். கடலோர ஊர் என்றால் இறால் பண்ணை விளக்குகளுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள்.

அடையாளம் சுலபம். வரிசையாக, சம இடைவெளியில் மூன்று நட்சத்திரங்கள் பளிச்சென்று இருக்கும். ஓரியன் என்கிற வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை அது. அந்தக் கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான சிரியஸில் போய் முட்டும். எதிர்ப்பக்கம் வடமேற்கே நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று தனித்துத் தெரியும். அதுதான் ரோகிணி. இன்னும் அதே திசையில் போனால் சின்னக் கொத்தாகக் கார்த்திகை. கார்த்திகையின் வெளிர்நீலத்தையும் ரோகிணியின் செம்மஞ்சளையும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். நட்சத்திரம் என்றால் வெள்ளைப் புள்ளி என்று நினைத்திருக்கும் குழந்தைகள் வாயைப் பிளப்பது இந்த இடத்தில்தான்.

வைகாசியில் மட்டும் தேடாதீர்கள். ஜூன் முதல் தேதி வாக்கில் சூரியன் ரோகிணிக்கு அருகே நிற்கிறது, அதனால் முன்னும் பின்னும் சில வாரங்கள் அது கண்ணில் படாது. நாம் 'கத்திரி' என்று சொல்லும் அக்னி நட்சத்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்தில் நுழைவதிலிருந்து கார்த்திகை முழுதும் கடந்து ரோகிணியின் முதல் பாதம் முடிகிற வரைக்கும் பஞ்சாங்கக் கணக்கில் கத்திரி. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்து, குறுவை நாற்றங்கால் வேலை ஓடுகிற ஆனி மாதத்தில், விடிவதற்கு முன் கிழக்கே ரோகிணி மறுபடி தலைகாட்டும்.

இனி அந்த மூன்று ரோகிணிகள். முதலாவது, நீங்கள் இப்போது பார்த்த ஆரஞ்சுப் புள்ளி. இரண்டாவது, அதைச் சுற்றி ஆங்கில 'வி' எழுத்தைப் படுக்கவைத்தது போலத் தெரியும் கூட்டம். பழைய சமஸ்கிருத நூல்கள் ஐந்து நட்சத்திரம் என்று எண்ணி, வண்டி வடிவம் என்கின்றன. ஜோசியர் சொல்லும் தேர் இதுதான். நம் நிகண்டுகளிலும் ரோகிணிக்குச் சகடு, பண்டி, வையம், தேர் என்று வண்டிப் பெயர்களாகவே வரும். கூடவே ஊற்றால் என்றும் ஒரு பெயர். வற்றிய குட்டையிலும் வாய்க்காலிலும் கவிழ்த்து மீன் பிடிப்பார்களே, அந்த ஊத்தா. மேலே குறுகி, கீழே விரிந்த கூடை. அந்தக் கூட்டத்தின் உருவத்தைப் பார்த்தால் வண்டியைவிட ஊத்தாதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வண்டிக்குச் சக்கரம் எங்கே என்று எத்தனை தரம் பார்த்தாலும் எனக்குப் பிடிபடுவதில்லை.

மூன்றாவது ரோகிணி கண்ணுக்குத் தெரியாத ஒன்று. நிலவின் பாதையை 27 சமபங்காக வெட்டினால் ஒரு பங்கு 13 பாகை 20 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). அதில் நான்காவது பங்குக்குப் பெயர் ரோகிணி. ரிஷபத்தில் 10 பாகையிலிருந்து 23 பாகை 20 கலை வரை. உங்கள் பெண் பிறந்த நேரத்தில் நிலவு இந்தப் பங்குக்குள் எங்கோ இருந்தது என்பதுதான் ஜாதகம் சொல்வது. ஆரஞ்சுப் புள்ளி அதே பங்கின் நடுவாக்கில், ரிஷபத்தில் ஏறத்தாழ 16-ஆம் பாகையில் இருக்கிறது. ஆகவே "இது உன் நட்சத்திரம்" என்று அதைக் காட்டுவதில் பிழையில்லை. அந்தப் பங்குக்கே அடையாளமாக அந்தக் காலத்தவர் பிடித்துக்கொண்ட விண்மீன் அது, யோகதாரை என்பார்கள்.

நம் ஆட்கள் இதை நிலவோடு சேர்த்தே பார்த்துவந்தார்கள் என்பதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம், காவிரி கடலில் கலக்கிற இடத்துக்குப் போனால் போதும். சிலப்பதிகாரத்தில் புகார் நகரில் கோவலனுக்கும் கண்ணகிக்கும் கல்யாணம் நடக்கிற நாளை "வானூர் மதியம் சகடணைய" என்றுதான் இளங்கோ குறிக்கிறார். நிலவு சகடை, அதாவது ரோகிணியை, அடைந்த நாள். அகநானூற்றின் 136-ஆம் பாட்டிலும் கல்யாண நாளுக்கு அதே திங்கள், அதே சகடம். கோவலன் கண்ணகி கல்யாணம் எப்படி முடிந்தது என்பதைப் பெண்ணிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

தட்சனின் 27 பெண்களைக் கட்டிய சந்திரன் ரோகிணியிடம் மட்டும் பிரியமாக இருந்து, மாமனாரிடம் சாபம் வாங்கித் தேய்ந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருவையாற்றுக்குப் பக்கத்துத் திங்களூர் வரை நாம் போய்வருவது அந்தச் சந்திரனைப் பார்க்கத்தான். கதைக்கு அடியில் ஒரு கண்கூடான சங்கதி இருக்கிறது என்பது என் எண்ணம். முதல் தர ஒளியுள்ள நட்சத்திரங்களில் நான்கை மட்டும்தான் நிலவு தன் வழியில் மறைக்க முடியும்: ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. நால்வரில் ஒளி மிக்கது ரோகிணி.

அளவு விஷயத்துக்கு வருவோம். "44 மடங்கு பெரியது" என்று மொட்டையாகப் போடுவதுதான் குழப்பத்துக்கு மூலம். அது விட்டத்தின் கணக்கு. கொள்ளளவில் பார்த்தால் 44-ஐ மூன்று தரம் பெருக்க வேண்டும், சுமார் 85,000 சூரியன்களை உள்ளே போடலாம். எடையிலோ சூரியனைவிடப் பத்து, இருபது சதவீதம்தான் கூடுதல். இந்த மூன்றையும் சேர்த்து யோசித்தால்தான் அது என்ன மாதிரிப் பொருள் என்பது புரியும். ஏறக்குறைய அதே சரக்கை எண்பதாயிரம் மடங்கு இடத்தில் பரப்பிவைத்தால் எப்படி இருக்கும்? சராசரி அடர்த்தியைக் கணக்குப் போட்டால் நாம் மூச்சு விடுகிற காற்றின் அறுபது, எழுபதில் ஒரு பங்குதான் தேறும். அரக்க நட்சத்திரம் என்று பெயர். முக்கால்வாசி வெறும் மெல்லிய வாயு. நடுவில் மட்டும் மிகச் சின்ன, மிக அடர்ந்த ஒரு மையம்.

ஏன் இப்படி ஊதிப் போனது? வயதானதால். சூரியன் இப்போது தன் மையத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக்கி அந்தச் சூட்டில் வாழ்கிறது. ரோகிணி அந்த வேலையை முடித்துவிட்டது. மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து ஹீலியம் மட்டும் மிஞ்ச, அந்த மையம் தன் எடையாலேயே சுருங்குகிறது. சுருங்கச் சுருங்கச் சூடேறி, அதைச் சுற்றியுள்ள ஓட்டில் ஹைட்ரஜன் முன்னைவிட மூர்க்கமாக எரிகிறது. அந்த வேகம் வெளிப்பகுதியைத் தள்ளி விரிக்கிறது. விரிந்த மேற்பரப்பு குளிர்கிறது, குளிர்ந்ததால் நிறம் ஆரஞ்சாகிறது. பிறக்கும்போதே அரக்கனாகப் பிறந்த நட்சத்திரம் இல்லை ரோகிணி. ஒரு காலத்தில் அது ஏறக்குறைய நம் சூரியனைப் போலத்தான் இருந்தது. சூரியனும் இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு இந்த நிலைக்கு வரும். பாடப்புத்தகத்தில் 'செவ்வரக்கன்' என்று தனி இனம் போலப் படம் போட்டு விளக்குவதால் பிள்ளைகள் இதை ஒரு வயது என்று எடுத்துக்கொள்வதே இல்லை, அது எனக்கு வருத்தம்தான்.

ஒளி எவ்வளவு என்பதை உங்கள் பெண்ணே கணக்குப் போடலாம். ரோகிணியின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 3,900 கெல்வின், சூரியனுக்கு 5,770. ஒரு சதுர மீட்டரிலிருந்து கிளம்பும் ஆற்றல் வெப்பத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். 3,900-ஐ 5,770-ஆல் வகுத்து, வந்த விடையை நான்கு தரம் பெருக்கினால் ஐந்தில் ஒரு பங்கு வரும். மேற்பரப்போ 44-இன் இருமடி, ஏறத்தாழ 1,940 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 400 சூரிய ஒளிக்குச் சற்றுக் கூட வருகிறது. வேறு வழியில் அளந்த விடையும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது. சூரியன் இருக்கும் இடத்தில் ரோகிணியை வைத்தால், அதன் விளிம்பு மூன்று கோடி கிலோமீட்டருக்கு வரும். புதன் சூரியனை நெருங்கும்போது 4.6 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. விழுங்கப்படாது, ஆனால் வெந்துபோகும்.

அப்படியானால் யார் போய் அளந்தது? யாரும் போகவில்லை. இங்கிருந்தே இரண்டு வேலை செய்தார்கள். ஒன்று தூரம். பூமி சூரியனைச் சுற்றும்போது, தை மாதம் பார்த்த இடத்துக்கும் ஆடி மாதம் பார்த்த இடத்துக்கும் நட்சத்திரம் இம்மியளவு இடம் மாறித் தெரியும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 1989-இல் அனுப்பிய ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் அந்த இம்மியை அளந்தது. அதன்படி ரோகிணி சுமார் 66 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இரண்டாவது, அகலம். அதன் தோற்ற விட்டம் ஒரு பாகையை 3,600 ஆக்கி, அதில் ஒன்றை மறுபடி ஐம்பதாக்கினால் வரும் ஒரு துண்டு. சென்னையில் ஒருவர் பிடித்திருக்கும் இரண்டு ரூபாய் நாணயம் கும்பகோணத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு அகலம் இருக்குமோ அவ்வளவு. எந்தத் தொலைநோக்கியில் பார்த்தாலும் இது புள்ளிதான். ஆனால் தள்ளித் தள்ளி வைத்த இரண்டு கண்ணாடிகளில் விழும் ஒளியை ஒன்றோடொன்று குறுக்கிடவைத்து, அதில் வரும் பட்டைகள் எப்போது மங்குகின்றன என்று பார்த்தால் விட்டம் கிடைத்துவிடும். 1920-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் மைக்கேல்சன், பீஸ் என்ற இரு விஞ்ஞானிகள் திருவாதிரையை இந்த வழியில் அளந்து காட்டினார்கள். அதுதான் முதல் நட்சத்திரம், ரோகிணி அதன் பிறகு.

இன்னொரு உபாயம் நிலவையே கத்தியாகப் பயன்படுத்துவது. நிலவின் விளிம்பு ஒரு நட்சத்திரத்தை மறைக்கும்போது அது சட்டென்று அணைவது போலத் தெரியும். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்துப் பதிவு செய்யும் கருவியை வைத்தால், ரோகிணி அணைய ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு வரை ஆகிறது என்று தெரியும். அந்தத் தாமதம்தான் அதன் அகலம். சகடணைந்த நிலவிலிருந்து இப்படியும் ஒரு காரியம் ஆகும் என்று புகாரில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பெயர். அரபு மொழியில் அல்தபரான் என்றால் பின்தொடர்வது. கார்த்திகைக் கூட்டம் முன்னே போக, இது பின்னாலேயே எழுந்து பின்னாலேயே மறைவதால் அப்படி. நாம் நிலவின் பாதையை 27 பங்காக வெட்டியது போல, அரபிகள் அதை 28 வீடுகளாகப் பிரித்துவைத்திருந்தார்கள். அதில் நான்காவது வீட்டுக்கும் அல்தபரான் என்றே பெயர். நமக்கும் ரோகிணி நான்காவது! தாலமி என்ற பழங்கால வானியலாளர் கிரேக்க மொழியில் எழுதிய நூலை அரபியில் கொண்டுவந்து, அதன் மேல் தங்கள் பெயர்களையும் ஏற்றிப் பல நூற்றாண்டு வேலை செய்தவர்கள் அவர்கள். ஐரோப்பா அங்கிருந்து அதை லத்தீனில் எடுத்துக்கொண்டபோது பெயரும் கூடவே போனது. நம் ரோகிணியைத் தள்ளிவிட்டு அரபுப் பெயரை யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை. தாலமியின் நூலில் இது எருதின் தெற்குக் கண்ணில் உள்ள செந்நிற நட்சத்திரம். ரோகிணி என்ற சொல்லுக்கும் சிவந்தவள் என்றே பொருள். அந்த எருதுதான் நம் ரிஷப ராசி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதன் பிறகு வந்ததெல்லாம் எண் போடும் வேலை. 1603-இல் பேயர் என்ற ஜெர்மானியர் தன் வான வரைபடத்தில் ரிஷபத்தின் ஆல்ஃபா என்றார். ஃபிளாம்ஸ்டீட் என்ற ஆங்கில வானியலாளரின் வரிசையில் 87, ஹிப்பார்கஸ் பட்டியலில் 21421. சர்வதேச வானியல் ஒன்றியம் 2016 ஜூன் 30 அன்றுதான் ஆல்டெபரான் என்பதை அதிகாரப்பூர்வமாக முடிவு செய்தது. அதே ஒன்றியம் 2017-இல் மேஷத்தின் ஒரு நட்சத்திரத்துக்குப் பரணி என்றும், மீனத்தில் ஒன்றுக்கு ரேவதி என்றும் நம் பெயர்களையே வைத்தது. ரோகிணிக்கு ஏற்கெனவே ஊரறிந்த பெயர் இருந்ததால் அந்த வாய்ப்பு இல்லாமல் போனது. இடையில், காசு கட்டினால் உங்கள் குழந்தை பெயரை ஒரு நட்சத்திரத்துக்கு வைத்துச் சான்றிதழ் தருகிறோம் என்று விற்பவர்கள் உண்டு. அந்தக் காகிதத்தை எந்த வானியலாளரும் பார்க்கப்போவதில்லை, பணத்தை ஒரு நல்ல பைனாகுலருக்குச் செலவிடுங்கள்.

பைனாகுலரில் அந்த 'வி' முழுதும் ஒரே பார்வைக்குள் வரும். அப்போது இன்னொன்றையும் சொல்லிவையுங்கள்: ரோகிணி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே இல்லை. ஹயடிஸ் என்கிற அந்தக் கூட்டம் சுமார் 150 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, ரோகிணி பாதி வழியில் குறுக்கே நிற்கிறது. கூட்டத்துக்கு வயது 60, 70 கோடி ஆண்டுதான். இதற்குப் பல நூறு கோடி. ஒரே திசையில் தெரிகிறதே தவிர உறவு கிடையாது.

நட்சத்திரங்கள் நகர்கின்றன என்பதைக் கண்டுபிடித்த கதையிலும் ரோகிணிக்குப் பங்குண்டு. 1718-இல் எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி, தாலமி எழுதிவைத்த இடங்களோடு தன் காலத்து இடங்களை ஒப்பிட்டார். சிரியஸ், சுவாதி, ரோகிணி மூன்றும் ஒத்துவரவில்லை. கி.பி. 509 மார்ச்சில் ஏதென்ஸ் நகரத்தில் நிலவு ரோகிணியை மறைத்ததாக ஒரு பழைய குறிப்பு இருந்தது. அன்று ரோகிணி இன்னும் சற்று வடக்கே இருந்திருந்தால் ஒழிய அது நடந்திருக்க முடியாது என்று கணக்கில் வந்தது. இப்போது தெரிந்த வேகம் ஆண்டுக்கு ஒரு விகலையின் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) ஐந்தில் ஒரு பங்கு. அதை வைத்துப் பார்த்தால், புகார் துறைமுகமாக இருந்த இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னிருந்து இன்றுவரை அது நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் நகர்ந்திருக்கிறது. கண்ணகி கல்யாணத்தில் நிமிர்ந்து பார்த்தவர்களும் உங்கள் பெண்ணும் பார்ப்பது கிட்டத்தட்ட ஒரே இடம்.

அதைச் சுற்றி ஒரு பெரிய கோள் இருப்பதாக 2015-இல் அறிவித்தார்கள், 2019-இல் மறுபடி ஆராய்ந்தவர்கள் அது நட்சத்திரத்தின் சொந்தத் துடிப்பாகவும் இருக்கலாம் என்றார்கள். பள்ளிக்கூடப் போட்டிக்கு யாராவது கோள் உண்டா என்று கேட்டால், சந்தேகத்தில் இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். 1972-இல் கிளம்பிய பயனியர் 10 விண்கலம் ரோகிணி இருக்கும் திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்றும் படித்திருப்பாள். 2003 ஜனவரிக்குப் பிறகு அதனிடமிருந்து சமிக்ஞை இல்லை. அந்தத் தூரத்தைக் கடக்க இருபது லட்சம் ஆண்டு பிடிக்கும். அதற்குள் ரோகிணி இடம் மாறிவிடும், அது நொடிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைவிட்டு விலகிப் போகிறது.

கடைசியாக ஒரு யோசனை. பஞ்சாங்கத்தில் ரோகிணி என்று போட்டிருக்கும் நாளில், மாதம் ஒருமுறை, நிலவுக்குப் பக்கத்தில் இதைத் தேடச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஆண்டு இடைவெளி மாறும். நிலவின் பாதை சூரிய பாதைக்கு ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது, அந்தச் சாய்வு திரும்பி அதே இடத்துக்கு வர 18.6 ஆண்டு ஆகிறது. ரோகிணி சூரிய பாதைக்குத் தெற்கே ஐந்தரை பாகையில் இருப்பதால், நிலவு தெற்கே முழுக்க இறங்கும் காலத்தில் மட்டும் அதன் மேல் ஏறும். 2015 ஜனவரி முதல் 2018 செப்டம்பர் வரை மாதந்தோறும் உலகில் ஏதாவது ஒரு மூலையில் இது நடந்தது. அடுத்த சுற்று 2033-இல் தொடங்கி 2037 வரை போகும். ஒவ்வொரு மறைப்பும் எல்லா ஊருக்கும் தெரியாது, அதனால் அந்த ஆண்டுகளில் நம் ஊருக்கான நேரத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.